கம்ப்யூட்டர் மாறலாம், கீபோர்டு ஏன் மாற வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. நடுவில் ஆறே நாள். எங்கள் தாயில்பட்டிப் பக்கம் அந்த வாரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொட யாரும் விடமாட்டார்கள். கடைசி லோடுக்கு பில் போட வேண்டும், இ-வே பில் எடுக்க வேண்டும், சனிக்கிழமைச் சம்பளத்தோடு போனஸ் கணக்கும் முடிக்க வேண்டும். ஆகவே தீபாவளி கழிந்து பட்டாசு ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாட்களில்தான் "இந்த மெஷினை என்ன செய்யலாம்?" என்ற பேச்சே வந்தது.

விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது. வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர் ரோட்டில் இருக்கிற சின்ன ஆபீஸ்களிலும் டிடிபி கடைகளிலும் நான்காம் தலைமுறை ஐ3 மெஷின்கள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. ஒரு எஸ்எஸ்டி போட்டால் இன்னும் சில வருடம் உழைக்கும். அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கேட்டவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். என் கடையில் ஒரு மெஷினில் விண்டோஸ் 11, இன்னொன்றில் மின்ட். லேபிள் டிசைன் வேலையாக சிவகாசி போனால் அங்கே மேக். மூன்றிலும் மாறி மாறி வேலை செய்து பார்த்த அனுபவத்தில்தான் இந்தப் பதிவு.

எல்லோரும் சொல்லும் தொந்தரவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேக்கில் கன்ட்ரோல் செய்யும் வேலையைக் கமாண்ட் பார்க்கிறது. கட்டைவிரல் மடங்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் போய் நிற்கும். ஜன்னலை மூடும் பட்டன் இடது மூலையில். மூடினாலும் மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஃபைலின் மேல் நின்று என்டர் தட்டினால் திறக்காது, பெயரை மாற்றச் சொல்லும். விண்டோஸ் 11, 2021-ல் வந்தபோது ஸ்டார்ட் பட்டன் மூலையிலிருந்து நடுவுக்கு வந்தது. டாஸ்க்பாரை ஓரத்துக்கு நகர்த்தும் வசதியை எடுத்துவிட்டார்கள். ரைட் கிளிக் செய்தால் வழக்கமான பட்டியல் இன்னொரு சொடுக்குக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

மூலை என்பது சாதாரண இடம் இல்லை. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: போய்த் தொட வேண்டிய பொருள் சிறியதாகவும் தூரமாகவும் இருந்தால் கைக்கு நேரம் பிடிக்கும். திரையின் மூலையில் இருப்பதைத் தொடக் குறி பார்க்கவே வேண்டாம். மவுஸைக் கீழே இடப்பக்கம் தள்ளினால் போதும், திரை அங்கேயே நிறுத்திக்கொள்ளும். நடுவில் இருப்பதற்குக் கண்ணால் பார்த்துக் கையை நிறுத்த வேண்டும். நாள் முழுக்கத் தொடும் ஒரு பட்டனை மூலையிலிருந்து எடுப்பது, வேலை செய்கிறவரின் கண்ணை ஒவ்வொரு முறையும் காகிதத்திலிருந்து பிடுங்குவதுதான். நல்லவேளையாக அதை மறுபடி இடப்பக்கம் வைக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது. நான் போடும் எந்த மெஷினிலும் முதலில் அதைத்தான் செய்கிறேன்.

லினக்ஸில் ஒரு விஷயம் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது. மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால், கடைசியாக எங்கே எதைத் தேர்வு செய்து வைத்திருந்தோமோ அது வந்து ஒட்டிக்கொள்ளும். காப்பி கொடுத்திருக்கக்கூட வேண்டாம், நிழலடித்திருந்தாலே போதும். யுனிக்ஸ் காலத்துப் பழக்கம் அது. தெரிந்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தேய்ந்துபோன பழைய மவுஸில் பக்கத்தை உருட்டும்போது சக்கரம் தானாக அழுந்தும். ஒரு பட்டாசு லேபிளில் பெயர், எண்ணிக்கை, எச்சரிக்கை வாசகம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நடுவில் ஒரு எண் கூடுதலாக விழுந்தால் திரையில் யாருக்கும் தெரியாது, அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். அந்த வசதியை நிறுத்தி வைக்காமல் டிடிபி ஆட்களிடம் மெஷினைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

கணக்குப் பார்க்கிறவர்களின் பாடு வேறு. டேலி விண்டோஸில்தான் ஓடும். அதனால் டேலி ஒரு மெஷினில், மற்ற மெஷின்களிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போவது என்று வைத்துக் கொடுத்திருக்கிறேன். டேலிக்காரர்கள் மவுஸைத் தொடவே மாட்டார்கள். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்8 சேல்ஸ், தேதி வரம்பை மாற்ற ஆல்ட்டும் எஃப்2-வும். மின்ட்டில் அதே ஆல்ட்-எஃப்2 கட்டளை ஓட்டும் பெட்டியைத் திறக்கும். கணக்கர் மாதத்தை மாற்றப் போனால் நடுவில் ஒரு கட்டம் வந்து நிற்கும். ரிமோட் ஜன்னலுக்கே எல்லா விசைகளையும் பிடித்துக் கொடுக்கும் ஒரு அமைப்பு ரெம்மினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருளில் இருக்கிறது, அதைப் போட்டதும் சரியாகிவிடும். அது இருக்கிறது என்று தெரியாத ஒருவர் ஒரு மாதம் அந்தக் கட்டத்தை மூடிக்கொண்டே இருந்திருப்பார்.

இவையெல்லாம் உலகம் முழுக்க உள்ளவை. தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு மட்டும் இன்னொரு பாரம் சேர்கிறது. அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போய் லோயர், ஹையர் இரண்டும் தமிழில் பாஸ் செய்தவர். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக் என்று எது வந்தாலும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தபடியே அடிப்பார். திரையைப் பார்க்க மாட்டார். சரவெடிக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போடும் வரை எங்கள் பக்கம் வெடிகளைச் சரமாகப் பின்னும் வேலை பெரிய வேலை. பேசிக்கொண்டே, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பெண்கள் பின்னுவார்கள், கண் போகாத இடத்தில் கை போகும். அக்காவின் தட்டச்சும் அதே கைதான். அவர் வேலை செய்யும் கடையில் மெஷினை மாற்றிய மறுநாள் போன் செய்தார்.

"தம்பி, எழுத்தெல்லாம் இருக்கு. என் கைதான் இல்ல."

மெஷினில் தமிழ் இருந்தது. தமிழ்99 இருந்தது, இன்ஸ்கிரிப்ட் இருந்தது, ஆங்கில எழுத்தால் ஒலித்து அடிக்கும் முறையும் இருந்தது. அவர் கற்றது இவற்றில் எதுவும் இல்லை.

இயந்திரத் தட்டச்சில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் விழும். 'கொ' வேண்டுமென்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். மூன்று தட்டல். புள்ளி விசை நகராத விசை. அதை முதலில் தட்டி அதன் கீழே எழுத்தைத் தட்ட வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99, ஒலி வரிசையில் போகிறது. க தட்டி ஒ தட்டினால் 'கொ'. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. க-வை இருமுறை தட்டினால் முதல் க-வுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். 'ங்க', 'ந்த', 'ம்ப' போன்ற இணைகளுக்கும் அப்படியே. 31 விசைகளில் 247 எழுத்தும் வந்துவிடும். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அதைவிடச் சிறந்த தமிழ் விசைப்பலகையை நான் பார்த்ததில்லை. ஆனால் இருபது வருடமாக வேறு வரிசையில் உழைத்த விரலிடம் போய் "ஒரு வாரத்தில் பழகிவிடும்" என்று சொல்வது நியாயம் இல்லை. அந்த வேகம்தான் அக்காவின் சம்பளம்.

தமிழ்99 தெரிந்தவர்களுக்கும் சுலபம் இல்லை. நான் போட்ட மின்ட்டில் இரண்டு தனித்தனி இடங்களில் தமிழ் கீபோர்டு கிடைக்கிறது. ஒன்று கீபோர்டு லேஅவுட் பட்டியல். அங்கே 'தமிழ்நெட் 99' என்று நாலைந்து பெயர்கள் வரிசையாக இருக்கும். அதில் 'டேப் என்கோடிங்' என்று முடிவதைத் தேர்ந்தெடுத்தால் தமிழே வராது, ஐரோப்பியக் குறியெழுத்துகள்தான் விழும்; 1999 காலத்து 8-பிட் எழுத்துருக்களுக்காக வைத்தது. சரியானதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வகையில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதுதான் கணக்கு. முந்தின எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும் வேலை அதனால் ஆகாது. உண்மையான தமிழ்99 வேண்டுமென்றால் இன்னொரு இடத்துக்குப் போய் ஐபஸ் அல்லது எஃப்சிட்எக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை நிறுவி, அதற்குள் எம்17என் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும். பெயர் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு. இதை ஒரு டிடிபி கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அடுத்தது மொழி மாற்றும் விசை. விண்டோஸில் ஆல்ட்-ஷிஃப்ட் அல்லது விண்டோஸ்-ஸ்பேஸ். மேக்கில் கன்ட்ரோல்-ஸ்பேஸ். ஐபஸ்ஸில் சூப்பர்-ஸ்பேஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் விசைதான்). எஃப்சிட்எக்ஸில் கன்ட்ரோல்-ஸ்பேஸ், ஆனால் விரிதாளில் அதே கன்ட்ரோல்-ஸ்பேஸ்தான் முழு நெடுவரிசையையும் தேர்வு செய்யும் விசை, அது பறிபோகும். என்எச்எம் ரைட்டர் பழகியவர்கள் ஆல்ட்டும் ஓர் எண்ணும் தட்டித் தமிழுக்குப் போவார்கள். அது விண்டோஸுக்கு மட்டும் உள்ள மென்பொருள். லினக்ஸில் பிரவுசருக்குள் ஆல்ட்-2 தட்டினால் இரண்டாவது டேப்புக்குத் தாவிவிடும். பாதி நிரப்பிய விண்ணப்பம் கண்முன்னால் மறையும்போது பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர் பதறிப்போகிறார்.

நாம் இன்று எல்லா இடத்திலும் தட்டும் கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி என்ற பழக்கத்துக்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். 1970-களில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், 2020 பிப்ரவரியில் இறந்தார். ஒரே விசை வெவ்வேறு நிலையில் வெவ்வேறு வேலை செய்வதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். 'நோ மோட்ஸ்' என்று கார் நம்பர் பிளேட்டிலேயே போட்டுக்கொண்டவர். ஆங்கிலம் மட்டும் அடிக்கிறவருக்கு அவர் கேட்டது பெரும்பாலும் கிடைத்துவிட்டது. தமிழ் அடிக்கிறவர் தினமும் அந்த இரட்டை நிலையிலேயே வாழ்கிறார். இப்போது கை வைத்தால் தமிழ் வருமா ஆங்கிலம் வருமா? விண்டோஸில் இதை ஜன்னலுக்கு ஜன்னல் தனியாக வைக்கலாம், எல்லாவற்றுக்கும் பொதுவாகவும் வைக்கலாம். ஐபஸ்ஸிலும் அப்படி ஒரு தேர்வு உண்டு. மேக்கில் அந்தந்த ஆவணத்துக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும்படி வைக்கலாம். மூன்று மெஷினில் மூன்று விதமாக இருந்தால் கைக்கு எதையும் நம்ப முடியாது. ஒவ்வொரு வரிக்கும் மூலையில் இருக்கும் குட்டி எழுத்தைப் பார்த்தாக வேண்டும்.

இந்த இடத்தில் பாமினியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யுனிகோடு ஆதரவாளர்கள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களை விடாத டிடிபி ஆட்களைச் சோம்பேறிகள் என்பார்கள். நானும் யுனிகோடு பக்கம்தான். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யுனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது சரியான முடிவு. ஆனால் பாமினியில் அடிக்கிறவரின் பக்கம் நின்று பாருங்கள். பாமினியில் மெஷினுக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகள்தான், அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. ஆகவே கீபோர்டு என்று தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். எழுத்துரு ஃபைல் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் அதே விரல், அதே எழுத்து. மொழி மாற்றும் விசையே கிடையாது. போதாததற்கு, சிவகாசி வட்டாரத்தில் ஒரு தலைமுறை பழகிய பேஜ்மேக்கருக்குக் கடைசிப் பதிப்பு வரை யுனிகோடு தெரியாது.

அதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. பாமினியில் அடித்ததைத் தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, இணையத்தில் ஒட்ட முடியாது, எழுத்துரு இல்லாத மெஷினில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஆங்கில விசைகளில் இடம் போதாத எழுத்துகளை ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு நம்பர் பேடில் நாலு இலக்கம் அடித்துத்தான் வரவழைக்க வேண்டும். கடையில் பாமினியில் அடித்து வந்த அக்காவுக்கு அந்த எண்கள் மனப்பாடம். லினக்ஸில் ஆல்ட் எண் முறை வேலை செய்யாது. அவரைத் தடுத்து நிறுத்தியவற்றில் இதுவும் ஒன்று.

ஆக, பாமினி கீபோர்டை எழுத்துருவுக்குள் வைத்து ஆளோடு அனுப்பியது. யுனிகோடு எழுத்தை உலகம் முழுக்கப் பொதுவாக்கியது, ஆனால் அதை அடிக்கும் கீபோர்டை ஒவ்வொரு இயங்குதளத்தின் கையிலும் விட்டுவிட்டது. இயங்குதளம் மாறினால் தமிழ் அடிக்கிறவரின் கையும் மாற வேண்டியிருக்கிறது. என் ஆதங்கம் எல்லாம் இங்கேதான்.

ஃபைல் பெயர்களிலும் இதே கதை உண்டு. பொங்கல் வாழ்த்து டிசைன் ஒன்றுக்குத் தமிழிலேயே 'பொங்கல்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். 'பொ' என்பதை யுனிகோடில் ப-வும் ஒரே குறியாக 'ொ'-வும் சேர்த்து எழுதலாம். ப, கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்று என்று யுனிகோடு விதியே சொல்கிறது. பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயரைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் அடித்ததை அடித்தபடி வைக்கும், இரண்டையும் வேறு வேறு பெயராகப் பார்க்கும். ஒரே ஃபோல்டரில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு 'பொங்கல்' நிற்கும். 'ஸ்ரீ' இன்னும் மோசம்: ஸ போட்டும் எழுதலாம், ஶ போட்டும் எழுதலாம், உருவம் ஒன்றாகவே வரும், யுனிகோடு இவற்றை ஒன்றாகவும் கருதாது. ஸ்ரீயில் தொடங்கும் கம்பெனிப் பெயர்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. வாடிக்கையாளர் பெயரில் ஃபோல்டர் வைத்துத் தேடுகிற கடையில் இது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் நேற்று முளைத்த விஷயம் இல்லை. 2007-ஐ ஒட்டிய வருடங்களில் அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசுக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்குக் கொண்டுபோக மிகவும் முனைந்தார். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்தே ஏற்றிக் கொடுத்தார்கள். ஆன் செய்ததும் இரண்டு பெயர் வரும். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்றபோது அரசு அலுவலகங்களை பாஸ் பக்கம் போகச் சொன்னதும் இதே அரசுதான். வாய்ப்பு இவ்வளவு முறை வந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருந்த எத்தனையோ வீடுகளுக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்திருந்தது. அதைத் திறந்தவர்கள் குறைவு என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். என் பார்வையில் பெரிய காரணம், திறந்தவுடன் பழகிய கைக்கு வேலை இல்லாமல் போனதுதான். சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைத்தது. பழகிய கையை அதில் உட்கார வைக்கும் வேலைக்கு ஆள் வைக்கவில்லை.

இப்போது நான் செய்வது இது. கீமேன் என்று ஒரு மென்பொருள். எஸ்ஐஎல் அமைப்பு நடத்துவது, இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். ஒரு விசைப்பலகையை ஒரு ஃபைலாகக் கட்டினால் அதே ஃபைலை எங்கும் நிறுவலாம். இகலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் தமிழ்99 அதில் இருக்கிறது. மூன்று மெஷினிலும் அதையே போட்டு, மொழி மாற்றும் விசையையும் மூன்றிலும் ஒன்றாக வைத்த பிறகு எனக்குப் பாதிச் சுமை இறங்கியது. எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் 'க க' தட்டினால் 'க்க' வருகிறது.

அக்காவுக்காக அவருடைய டைப்ரைட்டர் வரிசையைக் கீமேனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எம்17என்-ல் டைப்ரைட்டர் என்று ஒன்று உண்டு, ஆனால் அவர் கைக்கு அது பல இடங்களில் ஒத்துவரவில்லை. கொம்பை முதலில் தட்டினால் காத்திருந்து, அடுத்து வரும் எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். கால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். புள்ளி முன்னால் வந்தால் பின்னால் தள்ள வேண்டும். திரையில் அவர் பார்ப்பது டைப்ரைட்டர், உள்ளே சேமிப்பது யுனிகோடு. கடை மூடிய பிறகு வந்து அடித்துப் பார்த்துச் சொல்கிறார். எங்கே கை தடுக்குகிறதோ அந்த எழுத்தை ஒரு நோட்டில் குறித்துக் கொடுக்கிறார். பேக்ஸ்பேஸ்தான் இன்னும் சரியாகவில்லை. 'கொ' அடித்துவிட்டு அழித்தால் கால் மட்டும் போக வேண்டும் என்பது அவர் கேட்பது, ஆனால் எழுத்தின் குறி முழுதாகப் போய் 'க' மட்டும் நிற்கிறது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். 'ஸ்ரீ'-யும் 'க்ஷ'-வும் மீதி இருக்கின்றன.

டைப்ரைட்டர் கை உள்ளவர்கள் வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பக்கம் யாராவது இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். உங்கள் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய மெஷினில் எந்த எழுத்து எந்த விசையில் இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து போட்டோ அனுப்பினாலே போதும். மெஷினுக்கு மெஷின் ஓரத்து விசைகளில் சின்னச் சின்ன வித்தியாசம் இருப்பதாக அக்கா சொல்கிறார். அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.